வியாழக்கிழமை விழுந்ததாக எழுதிய இளங்கொடி

"பங்குனி, இரண்டாவது வியாழன். காலை 6.50. இளங்கொடி விழுந்தது. மரத்தில் கட்டியாயிற்று. மாடு நிற்கிறது. கன்று பால் குடிக்கிறது."

எங்கள் மாட்டுக்கொட்டகைத் தூணில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இது இருக்கிறது. நீல மை, என் கையெழுத்து. கடைசி இரண்டு வாக்கியங்களில் உள்ளதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டில் உள்ளதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதினேன். அதை நம்பி இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். நடந்ததை நடந்த வரிசையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுரங்கத்தில் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். எந்த பெல்ட் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதி, அடுத்து வரும் ரிலீவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டவுன்ஷிப்பில் எந்தத் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், முதல் கோடைமழை எந்தக் கிழமை பெய்தது, எல்லாம் என்னிடம் இருக்கும். கிடைத்ததையெல்லாம் படிப்பேன், படித்த தேதியையும் எழுதுவேன். "இவரு செத்தாக்கூட மணி பாத்து எழுதி வெச்சுட்டுத்தான் சாவாரு" என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள்.

குவார்ட்டர்ஸை விட்டு, டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. குள்ளஞ்சாவடி பக்கத்திலிருந்து என் மைத்துனன் ஒரு செவலைக் கிடேரிக் கன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கும் சுரங்கத்தில்தான் வேலை, கான்ட்ராக்ட். கன்றைப் பார்த்ததும் என் மனைவி, "இதை இங்க எறக்காத" என்றாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அவள் வீட்டில் ஒரு பசு கன்று போட்டு, இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழாமல் இரண்டு நாள் தொங்கிக்கொண்டிருந்ததாம். ஊரில் ஒருவர் வந்து, கனம் இருந்தால் தானாக இறங்கும் என்று அதில் பழைய செருப்பையும் ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டினார். மூன்றாம் நாள் அதையே பிடித்து இழுத்தார். வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி. முழங்கை வரை ரத்தம் வழிந்தது என்பாள். ஐந்தாம் நாள் பசு செத்தது. அதன் கண் கடைசிவரை தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது என்றும் சொல்வாள். இருபது வருடமாக அவள் மாடு வளர்க்கச் சம்மதிக்காததற்கு அதுதான் காரணம்.

நான்தான் வற்புறுத்தினேன். "அப்ப பாக்க ஆள் இல்ல. இங்க நான் மணி வாரியா எழுதி வெச்சுப் பாத்துக்கறேன். ஒண்ணும் ஆகாது" என்றேன். கொட்டகைத் தூணில் நோட்டு கட்டியது அதற்காகத்தான். யார் பார்த்தாலும், பார்த்ததை எழுத வேண்டும். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் நடப்பது போலவே.

கிடேரி வளர்ந்து சினையானது. தலையீற்று, முதல் கன்று. அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். புதன்கிழமை பிற்பகல் 4.35க்குக் கன்றின் முன்னங்கால் தெரிந்தது. காளைக்கன்று, உருப்படி பெரிசு. மாடு முக்கி முக்கிக் களைத்துவிட்டது. மைத்துனனும் நானும் கன்றின் காலில் துணி சுற்றிப் பிடித்து, அது முக்கும்போது மட்டும் இழுத்தோம். 5.20க்குக் கன்று வைக்கோலில் விழுந்தது. மாடு அதை நக்க ஆரம்பித்தது. என் மனைவி மட்டும் கன்றைப் பார்க்கவில்லை. மாட்டின் பின்பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு இளங்கொடி ஒரு சாண் நீளம் வெளியே தொங்கியது. மைத்துனன் கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு கட்டு மூங்கில் இலை அறுத்து வந்தான். மாடு ஆசையாகத் தின்றது. மூங்கில் இலை தின்றால் கொடி சீக்கிரம் விழும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. எட்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது நான் புத்தகத்தில் படித்தது. இரண்டையும் நோட்டில் எழுதினேன். விடியற்காலை ஐந்தேகாலுக்கு மைத்துனன் வேலைக்குப் போகும் வழியில் வந்து பார்ப்பது, விழுந்திருந்தால் மரத்தில் கட்டிவிட்டுப் போவது என்று ஏற்பாடு. நான் ஒன்பது மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.

மரத்தில் கட்டுவது பற்றி வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. விழுந்த இளங்கொடியை நாயும் காக்கையும் தொடக்கூடாது. வைக்கோல் சுற்றி, சாக்கில் முடிந்து, ஆலமரத்தில் கட்டுவார்கள். பாலுள்ள மரம் என்பதால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்று கணக்கு. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சாலை முக்கில் அப்படி ஒரு ஆலமரம் இருக்கிறது. எப்போதும் ஐந்தாறு மூட்டைகள் தொங்கும். பழசு கறுத்து, காய்ந்து, நெற்றுப் போல ஆடும். புதுசு வெள்ளையாக இருக்கும்.

வியாழன் காலை, ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது அந்த மரத்தில் புது மூட்டை ஒன்றைப் பார்த்தேன். வெள்ளைத் தீவனச் சாக்கு, நீலக் கோடு. எங்கள் வீட்டில் இருப்பதும் அதே சாக்குதான். சாக்கின் அடியில் ஈரம் சொட்டியிருந்தது. மைத்துனன் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். வண்டியைக்கூட நிறுத்தவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நேரே கொட்டகைக்குப் போனேன். மாடு நின்றுகொண்டிருந்தது. பின்னால் எதுவும் தொங்கவில்லை. கன்று முட்டி முட்டிக் குடித்தது. பேனாவை எடுத்து எழுதினேன். மணியை மட்டும் கைக்கடிகாரத்தில் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மற்ற இருவர் அன்று என்ன நினைத்தார்கள் என்பதைப் பின்னால் கேட்டு எழுதியது இது. என் மனைவி ஐந்து மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறாள். தொங்கிக்கொண்டிருந்தது இல்லை. தரையிலும் இல்லை. தம்பி முன்னாலேயே வந்து எடுத்துப் போய்விட்டான் போலிருக்கிறது, தூங்குகிற அக்காவை எழுப்ப வேண்டாமென்று இருந்திருப்பான் என்று நினைத்தாள். சந்தேகம் கொஞ்சம் இருந்தது. குளித்துவிட்டு வந்து என் எழுத்தைப் படித்ததும் அதுவும் போய்விட்டது. மைத்துனனோ அன்று வரவே இல்லை. கான்ட்ராக்டர் முன்னதாகவே வரச்சொல்லி வேறு பாதையில் வேனில் போய்விட்டான். மாலை வந்தவன் நோட்டைப் படித்து, மாமா வரும்போதே கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். மூன்று பேரும் அதைப் பற்றி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எழுதியிருக்கும்போது எதற்குப் பேச வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாடு தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் தூங்கி எழுந்து வந்தபோது மதியம் இரண்டு மணி. மனைவி கொட்டகையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, வாடை வருது பாருங்க."

"கன்னு போட்ட மாடு. அழுக்கு போகும். பத்து நாள் போகும்."

"இது அந்த வாடை இல்லீங்க. இது எனக்குத் தெரியும்."

"அதான் விழுந்துடுச்சே" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு சாணி அள்ளப் போய்விட்டாள். தன் மூக்கைவிட என் எழுத்தை அவள் நம்பினாள்.

சனிக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது மாடு படுத்திருந்தது. கழுத்தை விலாப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. காது சில்லென்று இருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. வாலுக்குக் கீழே காப்பித் தூள் கரைத்த மாதிரி ஒழுக்கு. காய்ச்சல் 105.4. என் மனைவி அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பார்க்காமல் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டருக்குப் போன் போட்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார். இளவயதுப் பெண், ஸ்கூட்டியில் வருவார், பெட்டியைக் காலடியில் வைத்திருப்பார். காது, கண், மடி எல்லாம் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"கொடி எப்ப விழுந்தது?"

என் மனைவி எழுந்து நோட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நீட்டினாள். "எழுதியிருக்காரு டாக்டரம்மா. வியாழக்கெழமை காலைல. இவரு எல்லாத்தையும் எழுதி வெப்பாரு."

டாக்டர் படித்தார். "இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல. நான் போற எடத்துல எல்லாம் நேத்தோ முந்தாநேத்தோம்பாங்க" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "முழுசா விழுந்துச்சா சார், கிழிஞ்சு விழுந்துச்சா?" என்றார்.

அந்தக் கேள்வி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது ஒரு சாக்கு. சாக்குக்குள் இருந்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். மைத்துனன் பார்த்திருப்பான். பார்த்திருப்பானா? மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முழுசாத்தான் டாக்டர்" என்றேன்.

அந்த நேரத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். எழுதியதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

"அப்ப கருப்பைக்குள்ள கை விட்டு நோண்ட வேண்டாம். இப்ப இருக்கற நிலைமைல அது இன்னும் கெடுதி" என்று டாக்டர் காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டார். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினார். ஞாயிறு காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் வீட்டுக்கு முன்னால் வந்து மைத்துனனைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் இரைச்சல்.

"வியாழக்கிழமை இளங்கொடி கட்டினியே, முழுசா இருந்துச்சா?"

"நானா? நான் எங்க மாமா கட்னேன்? நான் அன்னிக்கி அங்க வரவே இல்லியே. நீங்கதான கட்னீங்க?"

"நான் கட்டல."

"நோட்ல எழுதியிருந்தீங்களே, மாமா."

போனை வைத்தேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஆலமரத்துக்குப் போனேன். ஒருவேளை தெருவில் வேறு யாராவது, நல்ல மனசோடு, எங்கள் கொட்டகையிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தால்? அந்த அளவுக்கு என் புத்தி போயிற்று. வெயில் சுள்ளென்று அடித்தது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நீலக்கோட்டுச் சாக்கு அப்படியே இருந்தது. ஈ மொய்த்தது.

எதிர்ப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டார். "இன்னா சார், கொம்பையே பாத்துகினு நிக்கிறீங்க? தேன் கூடு கட்டிகினு கீதா?"

"இந்த மூட்டை யாருதுன்னு தெரியுமாம்மா? நீலக்கோடு போட்டது."

"எங்க வூட்டு எருமையுது. புதங்கெழம ராவு போட்டுச்சி. விடிய என் வூட்டுக்காரு கட்னாரு. ஏன், எதனா தப்பா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"எருமையோட எளங்கொடிய ஆபீசர் வந்து எண்ணி பாக்கறத இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உங்க வூட்ல மாட்டுக்கு உடம்பு சரியில்லிங்களா? கொடி நின்னுச்சா?"

நான் தலையாட்டினேன்.

"எத்தினி நாளு?"

விரலில் எண்ணிப் பார்த்தேன். புதன் மாலை 5.20இலிருந்து சனி நண்பகல் 12.40. அறுபத்தேழு மணி இருபது நிமிடம். அதைச் சொன்னேன். அந்த அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரிடம் போனில் சொன்னேன். "கொடி விழுந்ததை நான் பாக்கல. யாருமே பாக்கல." "நான் நெல்லிக்குப்பம் பக்கத்துல இருக்கேன் சார். ஒரு மாட்டுக்குத் தையல் போட்டுட்டு இருக்கேன். நாலு மணி ஆகும். யாரும் கை விடாதீங்க. எதையும் கட்டாதீங்க. முக்கியமா இழுக்காதீங்க" என்றார்.

மனைவியிடம் சொல்வதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்தது. அவள் கொட்டகையில் ஈரச் சாக்கை மாட்டின் முதுகில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தபின்னும் சாக்கின் மடிப்பை நீவிக்கொண்டேயிருந்தாள்.

"டாக்டரம்மா கேட்டப்ப முழுசான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அன்னிக்கி எங்க வூட்ல கல்லு கட்டனவருகூட, அது நல்லதுன்னு நெனச்சித்தான் கட்டனாரு" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசியது இரண்டு நாள் கழித்து.

நாலேகாலுக்கு டாக்டர் வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையைப் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். "வாலை யார் பிடிக்கறீங்க?" என்றார். நான் முன்னால் போனேன். என் மனைவி என்னைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்தாள். கடைசிவரை விடவில்லை.

டாக்டர் கை உள்ளே போனது. முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"இருக்கு" என்றார்.

கை வெளியே வந்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கந்தல் அதோடு வந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, முயலவும் இல்லை. "வெளிய தொங்கினது அறுந்து போயிருக்கு. நாய் தின்னுச்சோ, இவளே தின்னுட்டாளோ. மீதி பூரா உள்ள இருக்கு."

"எடுத்துடுங்க டாக்டரம்மா" என்றாள் மனைவி.

"எடுக்கக்கூடாது அக்கா. பாருங்க, உள்ள நெறைய எடத்துல பொத்தான் மாட்டின மாதிரி ஒட்டியிருக்கும். தானா அழுகி விடுபட்டது வரும். பிச்சா கருப்பையும் சேர்ந்து பிய்யும். ரத்தம் கொட்டும். காய்ச்சல் இருக்கற மாட்டுக்கு அப்படிப் பண்ணா விஷம் நேரா ரத்தத்துக்குப் போயிடும்."

"எங்க வூட்ல அப்பிடித்தான் செத்துச்சி."

"அதனாலதான் சொல்றேன். வந்தது வரட்டும். விட்டுடலாம்."

ஊசி மருந்தை மாற்றினார். அடுத்த ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். காய்ச்சலை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். பாலைக் கறந்து கீழே ஊற்ற வேண்டும், கன்றுக்கு வெளிப்பால் வாங்கிக் கொடுக்க வேண்டும். "திங்கட்கிழமைக்குள்ள காய்ச்சல் எறங்கணும். எறங்கலேன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஸ்கூட்டியில் ஏறியபின் என்னைப் பார்த்தார். "போன் பண்ணீங்களே சார், அது வரைக்கும் நல்லது. நாளைக்குப் பண்ணியிருந்தீங்கன்னா நான் வந்திருக்கவே வேண்டாம்."

அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. லீவ் சொல்லிவிட்டேன். காய்ச்சல் பார்ப்பது ஒரு சடங்காகிவிட்டது. நான் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்துப் படித்தால் மனைவி அதை என் கையிலிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுப்பாள். "கண்ணாடியப் போட்டுகினு நீயும் பாருடா." அவன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சொல்வான். பிறகுதான் எழுதலாம்.

"மாமா, இனிமே லாக் புக்ல ரெண்டு கையெழுத்து வேணுமாம்" என்றான் ஒருமுறை. நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி 104.6. ஒன்பது மணி 104.8. நண்பகல் 105. மாடு எழுந்திருக்கவில்லை. மூச்சு விடும்போது ஒரு முனகல். மூங்கில் இலையை வாயில் வைத்தாலும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது, மெல்லவில்லை. படித்ததெல்லாம் எனக்கு எதிராகத் திரும்பியது. ரத்தத்தில் விஷம் ஏறினால் முதலில் காது குளிரும், பிறகு கால், கண் குழி விழும், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும் என்று எங்கோ படித்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாய்க்குள் எண்ணினேன். மூன்று. மறுபடி மூன்று. பிற்பகல் ஒருமுறை ஐந்து. அதை நோட்டில் எழுதவில்லை. மனைவி படிப்பாள் என்ற பயம். மறுபடி மறைக்கிறேன் என்று தோன்றியதும் திரும்பிப் போய் எழுதினேன். அவள் படித்தாள்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 105.2.

டாக்டருக்குச் சொன்னேன். வந்து இன்னொரு பாட்டில் ஏற்றிவிட்டுப் போனார். மைத்துனன் வாசலில் நின்று யாரிடமோ போனில், ஜேசிபி கிடைக்குமா என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். எதற்கென்று எனக்குப் புரிந்தது. மனைவிக்கும் கேட்டிருக்கும். அவள் மாட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதுவரை அதன் கண்ணைப் பார்க்காமல் இருந்தவள் அப்போதுதான் பார்த்தாள்.

திங்கள் காலை ஆறு மணி. நான் படித்தேன். நம்பாமல் இன்னொருமுறை வைத்து எடுத்துப் படித்தேன். மனைவி தம்பியைக் கூப்பிடவில்லை. தானே வாங்கி, கோட்டைத் தேடி, "நூத்தி மூணு அர" என்றாள். அதுதான் அவள் இரண்டு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது. ஒன்பது மணிக்கு 103.2. பதினொன்றுக்கு மாடு முன்னங்காலை ஊன்றி, முட்டி போட்டு, ஒருமுறை விழுந்து, பிறகு எழுந்து நின்றது. நின்ற வேகத்தில் உள்ளேயிருந்து சாம்பல் கந்தல்கள் கொத்தாகத் தரையில் விழுந்தன.

மூவரும் அங்கே இருந்தோம். மூவரும் பார்த்தோம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார் டாக்டர், அழுகியதை மரத்தில் கட்டக்கூடாது என்று. அப்படியே செய்தோம். செவ்வாயன்று இன்னும் கொஞ்சம் வந்தது. புதனன்று 101.8. தவிட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு வாளியை முட்டித் தள்ளியது. மனைவி அழுதாள். மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் பார்க்காத மாதிரி.

நோட்டில் வியாழக்கிழமை வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழே, "இது பார்க்காமல் எழுதியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வாரம் டாக்டர் வந்து கை விட்டுப் பார்த்தார். கருப்பை சுருங்கியிருக்கிறது, ஒழுக்கு நின்றுவிட்டது என்றார். மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சா டாக்டரம்மா?"

"வந்துட்ட மாதிரித்தான் இருக்கு. ஆனா உள்ள ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்தா கையில தெரியாது. அடுத்த பருவத்துக்கு வரட்டும். அப்ப வர்ற ஒழுக்கு கண்ணாடி மாதிரி இருந்தா சுத்தம். அதுல வெள்ளை கலந்திருந்தா உள்ள இன்னும் இருக்குன்னு அர்த்தம். மறுபடி வைத்தியம் பாக்கணும். சினை நிக்குமாங்கறதும் அப்பதான் தெரியும்."

"அந்த மாதிரி இருந்தா மறுபடி காச்சல் வருமா?"

"வரலாம். வராமயும் இருக்கலாம்."

இதை எழுதுவது சித்திரைக் கடைசி வாரம், ஞாயிறு, காலை 9.15. மாடு மேய்கிறது, பால் தருகிறது. காய்ச்சல் இல்லை. இன்று காலை பார்த்தது 101.6, படித்தது என் மனைவி. மாடு இன்னும் பருவத்துக்கு வரவில்லை. தினமும் விடிந்ததும் அவள் வாலைத் தூக்கிப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள். நான் பின்னால் நின்று அவள் முகத்தைப் பார்க்கிறேன். இளங்கொடி முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்பது இன்று வரை உறுதியாகவில்லை.